கூடமாட வேலையும் கூலி வேலையும்: கொங்கு வீடுகளில் சிறார் உழைப்பின் எல்லைகள்

வீட்டில் சிறு குழந்தைகள் செய்யும் வேலைகளைக் குறிக்கத் தமிழ்ப் பேச்சு வழக்கில் மூன்று சொற்கள் உள்ளன. பெரியவர் ஒருவர் செய்துகொண்டிருக்கும் வேலையில் குழந்தையும் அருகிருந்து கை கொடுப்பதைக் ‘கூடமாட ஒத்தாசை செய்தல்’ என்பர். பெரியவர் இருந்த இடத்திலிருந்தே ஏவ, குழந்தை ஓடிச் சென்று எடுத்து வருவதும் வைத்து வருவதும் ‘எடுபிடி வேலை’ எனப்படும். பணத்துக்காகவோ கடனுக்காகவோ செய்யப்படுவது ‘கூலி வேலை’. மூன்றிலும் உழைப்பது குழந்தையே என்றாலும், முதலாவதில் அது வேலையின் பங்காளியாகவும், இரண்டாவதில் ஏவலாளாகவும், மூன்றாவதில் உழைப்புச் சந்தையின் சரக்காகவும் நிற்கிறது. குழந்தைகளை வீட்டு வேலையில் சேர்க்கலாமா, எந்த வயதில் எப்படிச் சேர்ப்பது என்ற வினாக்களுக்கு விடை காண்பதற்கு முன்னர், இம்மூன்றில் எது பேசப்படுகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இத்தெளிவு வேறெந்தப் பகுதியையும்விட, வீடும் தொழிற்கூடமும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் கொங்கு நாட்டின் விசைத்தறி ஊர்களுக்கு இன்றியமையாதது.

தறியை ஒட்டிய வீடு

கோயம்புத்தூரிலிருந்து அவிநாசி செல்லும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், சூலூர் வட்டத்தில் அமைந்துள்ள கருமத்தம்பட்டி 2021ஆம் ஆண்டில் நகராட்சியாகத் தரம் உயர்ந்த ஊராகும். அண்டை ஊரான சோமனூருடன் சேர்ந்து இது விசைத்தறி நெசவின் முக்கிய மையமாக விளங்குகிறது. இங்குள்ள தறிக்காரர்களில் பெரும்பாலோர் ‘கூலிக்கு நெசவு’ செய்பவர்கள்; அதாவது, ஜவுளி உற்பத்தியாளர்கள் தரும் பாவு நூலையும் ஊடை நூலையும் பெற்றுத் துணியாக நெய்து கொடுத்து, மீட்டர் கணக்கில் கூலி வாங்குபவர்கள். அக்கூலி உயராத காலங்களில் ஆள் வைத்துத் தறி ஓட்டுவது கட்டுப்படியாகாமல் போவதால், கணவனும் மனைவியும் மாறி மாறித் தறியடியில் நிற்க வேண்டிய நிலை சிறு தறிக்காரர்களின் குடும்பங்களில் எளிதில் உருவாகிவிடுகிறது.

இவ்வாறு தாயும் தறிக்குள் சென்றுவிடும் வீட்டில், குழந்தையின் உழைப்பு இரண்டு வழிகளில் கோரப்படலாம். ஒன்று, வீட்டுக்குள்: பாத்திரம் கழுவுதல், வாசல் கூட்டுதல், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளுதல் போன்றவை. மற்றொன்று, தறிக்கூடத்துக்குள்: நாடாவில் பொருத்துவதற்கான ஊடை நூலைக் கட்டையில் சுற்றும் ‘தார் சுற்றுதல்’, காலியான தாரை மாற்றிக் கொடுத்தல், அறுந்த இழையைப் பிணைத்தல் போன்ற சில்லறை வேலைகள். இரண்டாம் வகை வேலைகளும் குழந்தையின் கைக்கு எளிதானவையே என்பதனாலும், அவை நடப்பது பெற்றோரின் கண் முன்னே என்பதனாலும், இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்ற எண்ணம் தோன்றக்கூடும். ஆனால் தறியின் இரைச்சலும் பஞ்சுத் தூசியும் ஓடும் பட்டைகளும் குழந்தையின் செவிக்கும் மூச்சுக்கும் விரலுக்கும் கேடு தருபவை. அதைவிட முக்கியமாக, வீட்டுக்குள் செய்யும் வேலைக்கு முடிவு உண்டு. பாத்திரம் கழுவி முடிந்தால் அவ்வேலை அன்றைக்குத் தீர்ந்தது. மீட்டர் கணக்கில் கூலி ஈட்டும் தறிக்கோ போதும் என்ற அளவு கிடையாது. குழந்தையின் ஒவ்வொரு மணி நேரமும் வருமானமாக மாறத்தக்கது என்பதால், அந்த வேலை குழந்தையின் பள்ளியையும் உறக்கத்தையும் நோக்கி வளரும் இயல்புடையது.

வரலாறு விட்டுச் சென்ற எச்சரிக்கை

தமிழ்நாட்டில் குழந்தையின் உழைப்பைப் பற்றிய எந்த விவாதத்துக்கும் பின்னால் 1953ஆம் ஆண்டின் நினைவு நிற்கிறது. அன்றைய சென்னை மாநில முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்த மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம், ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் மாணவர்களின் வகுப்பு நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் அவர்கள் பெற்றோரின் தொழிலை உடனிருந்து பழக வேண்டும் என்று வகுத்தது. குறைந்த செலவில் கூடுதல் மாணவர்களுக்கு இடமளிப்பதும் உழைப்பின்பால் மதிப்பை வளர்ப்பதும் அதன் நோக்கங்களாகக் கூறப்பட்டன. ஆனால் பெற்றோரின் தொழில் என்பது சாதியால் வரையறுக்கப்பட்டிருந்த ஒரு சமூகத்தில், துணி வெளுப்பவரின் மகனும் செருப்புத் தைப்பவரின் மகனும் அதே தொழிலிலேயே நிறுத்தப்படுவர் என்பதைப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் சுட்டிக்காட்டி, அதனைக் ‘குலக்கல்வித் திட்டம்’ எனப் பெயரிட்டு எதிர்த்தனர். எதிர்ப்பு வலுத்த நிலையில் 1954இல் இராஜாஜி பதவி விலக, அவருக்குப் பின் வந்த காமராஜர் ஆட்சி அதே ஆண்டு மே மாதத்தில் அத்திட்டத்தைக் கைவிட்டது. அந்த அறிவிப்பின்போது கல்வி அமைச்சராக இருந்தவர் கொங்கு நாட்டின் பொள்ளாச்சிப் பகுதியைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம்.

உழைப்போடு கல்வியைச் சேர்க்கும் எண்ணம் முழுவதும் அத்திட்டத்தோடு பிறந்ததன்று. 1937இல் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலைக் கற்பித்தலின் நடுவே வைத்தது. திருப்பூரில் பிறந்தவரும், 1930இல் கோவையில் இராமகிருஷ்ண வித்யாலயத்தை நிறுவியவரும், 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தவருமான தி. சு. அவிநாசிலிங்கம் அக்கல்வியைத் தமிழகத்தில் பரப்ப முயன்றோருள் முதன்மையானவர். ஆதாரக் கல்வியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூடத்தில் ஒரே கைவேலையைப் பழகினர். 1953இன் திட்டமோ ஒவ்வொரு பிள்ளையையும் அவரவர் தந்தையின் தொழிலுக்குத் திருப்பி அனுப்பியது. குழந்தையின் உழைப்பு பொதுவானதா, பிறப்பால் பிரிக்கப்பட்டதா என்பதே இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு.

கொங்கு நாட்டு வேளாண் வாழ்வும் இவ்வேறுபாட்டை வேறு வகையில் காட்டியது. நில உடைமையாளரின் பிள்ளை தன் தோட்டத்தில் கன்றை அவிழ்த்துக் கட்டுவதும், நிலமற்ற அருந்ததியர் குடும்பத்துச் சிறுவன் அதே தோட்டத்தில் ஆண்டுக் கூலிக்கு ஆடு மேய்ப்பதும், வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரியான வேலைகளாகத் தெரிந்தாலும், முன்னது வீட்டில் பங்கு, பின்னது பண்ணையத்தில் அடிமைத்தனம். பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவல் இந்தப் பின்னைய வாழ்வையே தன் பொருளாகக் கொண்டது.

சட்டத்தின் கோடு

1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், துணி நெய்தலையும் அதன் துணை வேலைகளையும் குழந்தைகளுக்குத் தடை செய்யப்பட்ட பணிகளின் பட்டியலில் சேர்த்திருந்தது. எனினும், குடும்பத்தாரின் துணையோடு நடத்தப்படும் பட்டறைகளுக்கு அத்தடை பொருந்தாது என்ற விலக்கும் அதிலேயே இருந்ததால், வீட்டை ஒட்டிய தறிக்கூடத்தில் சொந்தக் குழந்தை செய்யும் வேலை சட்டத்தின் கண்ணுக்கு எட்டாமல் நின்றது. சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் அளித்த தீர்ப்பும், 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும், குழந்தையின் இடம் பள்ளியே என்பதை உறுதிப்படுத்தின.

2016இல் திருத்தப்பட்ட சட்டம் பதினான்கு வயதுக்கு உட்பட்டோரை எல்லாத் தொழில்களிலிருந்தும் விலக்கியது. ஆபத்தில்லாத பணிகளில், பள்ளி நேரத்துக்குப் பின்னரோ விடுமுறையிலோ, குடும்பத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ உதவுவதை அனுமதித்தது. இந்த அனுமதி பழைய விலக்கின் மறுவடிவமாகிவிடும் என்ற அச்சம் எழுந்தது. 2017இல் வெளியான விதிகள் அந்த அனுமதியைக் குறுக்கின. குழந்தையின் உதவி, உற்பத்தியின் எந்தக் கட்டத்திலும் குழந்தைக்கோ குடும்பத்துக்கோ வருமானம் தரும் வேலையாக இருக்கக் கூடாது. இரவு ஏழு மணி முதல் காலை எட்டு மணி வரை அது நடக்கக் கூடாது. ஓய்வு நேரம் நீங்கலாக ஒரு நாளில் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கல்விக்கு இடையூறாக அமையக் கூடாது என அவை வரையறுத்தன. இவற்றைக் கருமத்தம்பட்டி வீட்டில் பொருத்திப் பார்த்தால், கூலித் துணிக்கான தாரைச் சுற்றித் தருவது பெற்றோருக்கு ஒத்தாசையாகத் தோன்றினாலும் விதியின்படி அது வருமானத்துக்கான உற்பத்தி வேலையே என்பது தெளிவாகும். சோறாக்குவதற்கு அரிசியில் கல் பொறுக்குவது அவ்வகையில் சேராது. தறிக்கூடத்தின் வாசற்படியே அந்தக் கோடு.

குழந்தையின் இயல்பு பற்றிய ஆய்வுகள்

கூலி வேலையின் கொடுமையை அறிந்த சமூகங்கள் சில வேளைகளில் எதிர்முனைக்குச் சென்று, குழந்தையின் கையில் துடைப்பத்தையே தரக் கூடாது என எண்ணுவதுண்டு. கல்வியால் முன்னேறத் துடிக்கும் பெற்றோர், ‘நீ படிச்சாப் போதும் கண்ணு’ என்று அன்போடு வேலையிலிருந்து பிள்ளையை விலக்கி வைக்கின்றனர். பெற்றோரின் பாடு தம் பிள்ளைக்கு வரக் கூடாது என்ற அந்த எண்ணம் மதிக்கத்தக்கது. ஆனால் அது குழந்தையின் இயல்பான ஒரு விருப்பத்தை மறுக்கிறது என்பதை வளர்ச்சி உளவியல், அதாவது குழந்தையின் மனமும் அறிவும் படிப்படியாக வளரும் விதத்தை ஆராயும் துறை, எடுத்துக்காட்டியுள்ளது.

அமெரிக்க உளவியலாளர் ஹாரியட் ரைன்கோல்ட் 1982இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வுக்கூடத்தை ஒரு வீட்டைப் போல் அமைத்து, சிதறிய பொருள்களை எடுத்து வைத்தல், துணி மடித்தல், கூட்டுதல் முதலிய வேலைகளைப் பெற்றோர் செய்யும்போது ஒன்றரை வயது முதல் இரண்டரை வயது வரையுள்ள குழந்தைகள் என்ன செய்கின்றனர் எனக் கவனித்தார். யாரும் ஏவாமலேயே அக்குழந்தைகள் பெரும்பாலான வேலைகளில் தாமாக வந்து சேர்ந்துகொண்டனர். வீட்டிலோ, குழந்தையின் குறுக்கீட்டைத் தவிர்க்க அது உறங்கும் நேரத்தில் வேலையை முடித்துவிட முயல்வதாகப் பெற்றோர் பலர் கூறியதையும் அவர் பதிவு செய்தார். குழந்தை ஒத்தாசை செய்ய வருவதும் பெரியவர்கள் அதனை இடையூறாகக் கருதுவதும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள் என்பதே இதன் சாரம்.

ஃபெலிக்ஸ் வார்னகன், மைக்கேல் தொமசெல்லோ ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு மற்றொரு முக்கியமான செய்தியைத் தந்தது. இருபது மாதக் குழந்தைகளில், உதவியதற்காகப் பொருள் பரிசு பெற்றவர்கள் பின்னர் பரிசு இல்லாதபோது உதவுவது குறைந்தது. பாராட்டு மட்டும் பெற்றவர்களிடமும் எதுவும் பெறாதவர்களிடமும் அக்குறைவு காணப்படவில்லை. பாத்திரம் கழுவினால் பத்து ரூபாய் என்று விலை வைக்கும் பழக்கம் கூடமாட வேலையைக் கூலி வேலையாக மாற்றிவிடுகிறது. கூலி நின்றால் வேலையும் நிற்பது கூலியின் இயல்பு.

குவாத்தமாலாவின் மாயா மக்களிடையேயும் மெக்சிகோவிலும் பல ஆண்டுகள் ஆய்வு செய்த பார்பரா ரோகாஃப், பழங்குடி மரபு சார்ந்த குடும்பங்களில் குழந்தைகள் பெரியவர்களின் வேலையைக் கூர்ந்து நோக்கி, இயன்ற இடத்தில் தாமாகக் கை கொடுத்துக் கற்பதை ஒரு தனிக் கல்வி முறையாகவே விளக்கியுள்ளார். அங்கே சிறு குழந்தை வேலையைக் கெடுத்தாலும் விரட்டப்படுவதில்லை; அதனால் வளர்ந்த பின் ஏவாமலேயே செய்யும் பிள்ளைகளாகின்றனர் என்பது அவர் குழுவினரின் கருத்து. நீண்ட விளக்கங்களால் அவர்கள் வரையறுக்கும் இம்முறையைக் ‘கூடமாட’ என்ற ஒரே சொல்லில் தமிழ் அடக்கி வைத்திருக்கிறது. ‘கூட’ என்பது பெரியவரின் உடனிருப்பைக் குறிக்கிறது. அவர் எழுந்து சென்றுவிட்டால் அவ்வேலை எடுபிடியாகிவிடும்.

மறைந்துபோன உடன்வேலைகள்

கூடமாட வேலை குறைந்ததற்குப் பெற்றோரின் மனப்போக்கு மட்டும் காரணமன்று. கருவிகளின் மாற்றமும் காரணமாகும். ஆட்டுக்கல்லில் தாய் குழவியைச் சுற்ற, எதிரே அமர்ந்த பிள்ளை மாவைக் குழிக்குள் தள்ளிவிடுவது இரண்டு பேர் சேர்ந்தால் மட்டுமே நன்றாக நடக்கும் வேலையாக இருந்தது. கோவையில் 1955இல் பி. சபாபதி உருவாக்கிய மாவரைக்கும் இயந்திரம் பெண்களின் தோள்வலியைப் போக்கிய பெரும் கொடை. அதே வேளையில் எதிரே அமர்ந்த பிள்ளையின் இடத்தையும் அது எடுத்துக்கொண்டது. கிணற்றில் நீர் சேந்தும்போது குடத்தைப் பிடித்துக்கொள்வதும், விறகடுப்பில் சுள்ளியைத் தள்ளிவிடுவதும் இவ்வாறே மறைந்தன. அவற்றை மீட்பது தேவையற்றது. அவை விட்டுச் சென்ற இடத்தை வேறு வேலைகளால் நிரப்புவதே தேவை.

வீடு இழந்ததைப் பள்ளி ஏற்றுக்கொண்ட வரலாறும் உண்டு. 1907இல் ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, நீர் ஊற்றுதல், துடைத்தல், பொத்தான் மாட்டுதல் போன்ற ‘அன்றாட வாழ்க்கைப் பயிற்சிகளை’ மழலைக் கல்வியின் முதற்படியாக வைத்தார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, பின்னர் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றிய அவரது முறை, இன்று தமிழக நகரங்களின் பல மழலையர் பள்ளிகளில் பின்பற்றப்படுகிறது. எனினும், பள்ளியில் செய்து பழகும் இப்பயிற்சியால் வீட்டாருக்குப் பயன் ஏதும் இல்லை. வீட்டில் குழந்தை ஊற்றிய தண்ணீரையோ அப்பத்தா குடிப்பார். தன் வேலை பிறருக்குத் தேவைப்படுகிறது என்ற அறிவைத் தரும் ஆற்றல் வீட்டுக்கே உண்டு.

மகளுக்கு மட்டும் ஏன்

வீட்டு வேலையைப் போற்றிப் பேசும் எழுத்து, அது யார்மேல் விழுகிறது என்பதைப் பேசாவிட்டால் நேர்மையானதாகாது. ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் 2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு, அதாவது ஒருவர் நாளின் 24 மணி நேரத்தை எவ்வாறு செலவிடுகிறார் என்பதைக் கணக்கிடும் ஆய்வு, ஊதியமில்லா வீட்டு வேலையில் பெண்களில் 81.2 விழுக்காட்டினரும் ஆண்களில் 26.1 விழுக்காட்டினரும் ஈடுபட்டதாகக் காட்டியது. ஈடுபட்டவர்கள் ஒரு நாளில் செலவிட்ட சராசரி நேரம் பெண்களுக்கு 299 நிமிடங்கள், ஆண்களுக்கு 97 நிமிடங்கள். ஐந்து முதல் பதினான்கு வயது வரையுள்ள சிறுமிகள் அதே வயதுச் சிறுவர்களைவிட நாற்பது விழுக்காடு கூடுதல் நேரத்தை வீட்டு வேலையில் செலவிடுவதாக, உலக அளவிலான கணக்கை யூனிசெஃப் 2016இல் வெளியிட்டது. இதே வயதினர் வாரத்துக்கு 21 மணி நேரமோ அதற்கு மேலோ வீட்டு வேலை செய்தால், அதனையும் குழந்தைத் தொழிலாகக் கணக்கிட வேண்டும் என்பது அந்நிறுவனம் பின்பற்றும் அளவுகோல். தாய் தறியடியில் நிற்க, சமையலையும் தம்பியையும் மூத்த மகளிடம் ஒப்படைக்கும் வீட்டில், நாளுக்கு மூன்று மணி நேரம் என்ற எல்லை எளிதில் எட்டப்பட்டுவிடும். அது கூடமாட வேலையும் அன்று. உடனிருக்க யாருமில்லாததால் தாய்க்கு மாற்றாள் வேலையே ஆகும்.

சிறுவர்களைச் சேர்ப்பதால் கிடைக்கும் பயன் வேலைப் பங்கீட்டோடு முடிவதன்று. ஆறு சமூகங்களின் குழந்தைகளை ஒப்பிட்டுப் பியாட்ரிஸ் வைட்டிங், ஜான் வைட்டிங் ஆகியோர் 1975இல் வெளியிட்ட நூல், வீட்டுப் பொறுப்புகளும் கைக்குழந்தைப் பராமரிப்பும் ஒப்படைக்கப்பட்ட குழந்தைகளிடம் பிறர் தேவையறிந்து உதவும் பண்பு மிகுந்திருப்பதைக் காட்டியது. உத்தரப் பிரதேசத்தின் காலாப்பூரும் அந்த ஆறனுள் ஒன்று. கென்யாவின் லுவோ மக்களிடையே ஆய்வு செய்த கேரல் எம்பர், பெண்களுக்குரியவை எனக் கருதப்பட்ட வீட்டு வேலைகளைச் செய்து வளர்ந்த சிறுவர்கள் மற்றச் சிறுவர்களைவிடக் குறைந்த முரட்டுத்தனம் உடையவர்களாக இருந்ததை 1973இல் எடுத்துரைத்தார். அடுப்படி ஆண்பிள்ளைக்கு இழுக்கு என்று விலக்கும் வீடு, அவனுக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஒரு பண்புப் பயிற்சியை விலக்குகிறது.

நடைமுறைக்கான நெறிகள்

இதுவரை கண்டவற்றிலிருந்து சில நெறிகளை வகுக்க இயலும். முதலாவது, தொடங்கும் வயது. இரண்டு, மூன்று வயதில் குழந்தை சீமாற்றைப் பிடுங்கும்போது அதற்கென ஒரு சிறு சீமாற்றைத் தருவதே தொடக்கம். அந்த வயதில் வேலை சுத்தமாக அமையாது, நேரமும் கூடும். ஆனால் விரட்டப்பட்ட விருப்பத்தை எட்டு வயதில் ஏவலால் வரவழைப்பது அதைவிடக் கடினம். நான்கு முதல் ஆறு வயது வரை முருங்கைக்கீரை உருவுதல், சின்ன வெங்காயம் உரித்தல், துவைத்து உலர்ந்த துணியில் ஆளுக்கானதைப் பிரித்து அடுக்குதல், மாலையில் கோழியைக் கூண்டில் அடைத்தல் ஆகியவையும், ஏழு வயதுக்கு மேல் வாசல் தெளித்தல், தான் உண்ட தட்டைக் கழுவுதல், செடிக்கு நீர் விடுதல், ஆட்டுக்குட்டிக்குத் தழை போடுதல் ஆகியவையும் கைக்கு அடங்கும். கொதிக்கும் எண்ணெய், ஓடும் அரவை இயந்திரம், மின்கம்பி, திறந்த தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் அருகில் பத்து வயதுப் பிள்ளையையும் தனியே விடலாகாது.

இரண்டாவது, உடனிருப்பு. வெங்காயத்தைக் கொடுத்து உரிக்கச் சொல்லிவிட்டுப் பெரியவர் கைபேசியோடு அமர்ந்தால் அது எடுபிடி. இருவரும் ஒரே முறத்தைச் சுற்றி அமர்ந்தால் அது கூடமாட. தறி ஓட்டும் வீட்டில் பெற்றோர் இருவரும் நாள் முழுவதும் உடனிருப்பது இயலாதாயினும், ஷிப்டு மாறும் நேரத்தில் அரை மணியேனும் தந்தையோ தாயோ பிள்ளையோடு ஒரு வேலையைச் செய்ய இயலும். தந்தை துடைப்பம் எடுக்கும் வீட்டில் மகனிடம் தனியாக விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, விலையின்மையும் தண்டனையின்மையும். வேலைக்குக் காசு கொடுப்பதைப் போலவே, குறும்புக்குத் தண்டனையாக வேலை கொடுப்பதும் வேலையின் மதிப்பைக் கெடுக்கும். குழந்தை அடுக்கிய துணியை அதன் கண் முன்னே பிரித்து மறுபடி அடுக்குவதும் அத்தகையதே. நான்காவது, சமநிலை. மகனுக்கும் மகளுக்கும் வேலை முறை வைத்து மாற வேண்டும். பாடத்துக்கும் விளையாட்டுக்கும் உறக்கத்துக்கும் உரிய நேரம் எந்த வேலையாலும் குறையக் கூடாது.

முடிவு

குழந்தையைத் தறியிலிருந்தும் பண்ணையத்திலிருந்தும் மீட்டுப் பள்ளியில் அமர்த்தியது தமிழகம் பெரும் போராட்டத்துக்குப் பின் அடைந்த வெற்றி. அதனை எக்காரணத்துக்காகவும் தளர்த்தலாகாது. வீட்டு வேலையில் பங்கு தருவது அவ்வெற்றிக்கு முரணானது அன்று. சாதிக்கென்றும் தொழிலுக்கென்றும் குழந்தைகளைப் பிரித்ததே குலக்கல்வியின் குற்றம். தான் உண்ட தட்டைக் கழுவுவது எந்தக் குலத்துக்கும் உரிய தொழிலன்று, எல்லாருக்கும் பொதுவான கடமை. ஆகவே கொங்கு நாட்டுப் பெற்றோர் கொள்ள வேண்டிய நிலை இதுவே: தறிக்கூடத்தின் வாசற்படியைக் குழந்தை வேலைக்காகத் தாண்டக் கூடாது, அடுப்படியின் வாசற்படியை மகளும் மகனும் ஒருசேரத் தாண்ட வேண்டும், அங்கே அவர்களோடு கூட ஒரு பெரியவர் இருக்க வேண்டும்.